சுழி கெட்ட அசீரியக் காளை

நான் மெசபடோமியாவைப் படித்ததற்குக் காரணம் ரயில் நேரம். அதைவிட உயர்ந்த காரணம் ஏதாவது சொல்ல ஆசைதான், ஆனால் இல்லை.

அறுபதுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தேன். அதோடு 'ஆன்சிலரி' என்று ஒரு துணைப்பாடமும் எடுத்தாக வேண்டும். புள்ளியியல் எடுக்கலாம், இல்லாவிட்டால் 'பண்டைய, இடைக்கால உலக நாகரிகங்கள்' எடுக்கலாம். புத்தியுள்ள பெண்கள் எல்லாரும் புள்ளியியலுக்குப் போனார்கள். அந்த வகுப்போ சாயங்காலம் கடைசி மணி. அதை முடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினால் திருப்பூர் பாசஞ்சரின் முதுகுதான் தெரியும். அடுத்த வண்டியைப் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் வீதியில் விளக்கு வைத்துவிடுவார்கள். விளக்கு வைத்தபிறகு புஸ்தகப் பையோடு வருகிற பெண்ணுக்கு எங்கள் வீதி என்னென்ன பட்டம் கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே மதியமே முடிந்துவிடுகிற நாகரிகங்களை எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பாடத்துக்கு வந்த விரிவுரையாளர் அம்மாள் நல்ல மனுஷி. ஆனால் உலகத்து நாகரிகங்களையெல்லாம் ஒரே அச்சில் வார்த்து வைத்திருந்தார். தோற்றம், ஆட்சி, சமுதாயம், கலை, வீழ்ச்சி. எகிப்துக்கும் இதே ஐந்து தலைப்பு, சீனாவுக்கும் இதே ஐந்து. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுவோம். எழுதுவதற்குப் பேர்தான் படிப்பு. இரண்டாவது மாதத்திலேயே எனக்குத் தொழில் நுணுக்கம் பிடிபட்டுவிட்டது. ஆற்றின் பெயரை மட்டும் மாற்றினால் ஒரே பதில் எல்லாக் கேள்விக்கும் போதும். வீழ்ச்சி என்று வந்துவிட்டால் ஆற்றையும் மாற்ற வேண்டியதில்லை. எல்லாப் பேரரசும் ஒரே காரணத்தால்தான் விழுந்தது: பின்னால் வந்த அரசர்கள் திறமையற்றவர்கள். ஒரு ஊரிலாவது கடைசி ராஜா கெட்டிக்காரனாக இருந்தும் நாடு விழவில்லையா என்று ஒருநாள் எழுந்து கேட்டேன். அம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு, அது பரீட்சைக்கு வராது என்றார்.

இப்படிக் கேலி செய்துகொண்டே போனவள் வசமாக மாட்டிக்கொண்டேன். லைப்ரரியில் யாரும் தொடாத ஓர் அலமாரி, அதில் கனம் கனமாகப் படம் போட்ட புஸ்தகங்கள். வண்டிக்கு நேரம் இருக்கிறதே என்று ஒன்றை எடுத்தேன். அப்புறம் வண்டியை விட்டுவிடுவேனோ என்று பயப்படுகிற அளவுக்குப் படித்தேன். ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்தே இராத ஜனங்கள், எங்கெங்கோ இருந்துகொண்டு, ஒரே மாதிரிக் கூத்தடித்திருக்கிறார்கள். ஒருவன் பூனையைக் கும்பிடுகிறான், இன்னொருவன் செத்துப்போன தாத்தாவுக்குச் சோறு வைத்துவிட்டு அவர் சாப்பிட்டாரா என்று எட்டிப் பார்க்கிறான். எல்லா ஊரிலும் அந்தக் காலம் மாதிரி வராது என்று கிழவர்கள் கல்லில் வெட்டி வைத்துப் புலம்புகிறார்கள். இதில் யாரைப் பார்த்தும் யாரும் சிரிக்க யோக்கியதை இல்லை என்று தோன்றியது. அந்த நினைப்பு எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷமாக இருந்தது. ஆன்சிலரி பரீட்சை இரண்டாம் வருஷத்தோடு முடிந்தது. மற்ற பெண்கள் நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டார்கள். நான் மூன்றாம் வருஷமும் அந்த அலமாரியை விடவில்லை. பி.ஏ. முடிந்ததும் மெட்ராஸுக்குப் போய் இதையே எம்.ஏ. படிப்பது என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் நானாக எடுத்த முடிவு என்று என் வாழ்க்கையில் வேறொன்றும் கிடையாது.

வீட்டில் இந்தப் படிப்பை யாரும் எதிர்க்கவில்லை. என்னவென்று தெரிந்தால்தானே எதிர்ப்பதற்கு? அப்பா வெள்ளகோவில் பக்கம் காடும் மாடும் என்று இருந்தவர். மழை தொடர்ந்து ஏமாற்றவும் திருப்பூருக்கு வந்து ஒரு தகரக் கொட்டகையில் நிட்டிங் மிஷின் போட்டு பனியன் கம்பெனி ஆரம்பித்தார். அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், ஊர் ஊராகப் போய் அந்த பனியனை விற்பவர். செத்துப்போன ராஜாக்களைப் பற்றிப் படிக்கிறாள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள், கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எங்கள் பக்கத்து மண்ணில் கிடைத்த பச்சைக் கல்லுக்காக ரோமாபுரிக்காரர்கள் தங்கத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று ஒருநாள் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன். மாமன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, அவர்கள் இப்போதும் வருகிறார்களா, பனியன் போடுவார்களா என்று கேட்டார்.

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் உருகி உருகிச் சொல்வார்கள். 'ங்க' போடாமல் நாயைக்கூட விரட்ட மாட்டோம் என்பார்கள். நிஜம்தான். ஆனால் அதில் உள்ள வில்லங்கம் உள்ளே வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு யார் முகத்தைப் பார்த்தும் 'முடியாது' என்று சொல்ல வராது. கல்யாணத்துக்கு அழைத்தால் 'வந்துட்டாப் போச்சுங்க' என்கிறவர் வரமாட்டார். 'யோசிச்சுச் சொல்றனுங்க' என்றால் யோசித்து முடித்தாயிற்று, உனக்கில்லை என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது, 'பாக்கலாமுங்க.' அதைக் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான். இது புரியாத வடக்கத்தி வியாபாரிகள் 'பாக்கலாமுங்க'வை நம்பி லாட்ஜில் ரூம் எடுத்து வாரக்கணக்கில் காத்துக்கிடந்திருக்கிறார்கள்.

மெட்ராஸுக்குப் போய் எம்.ஏ. படிக்கட்டுமா என்று நான் கேட்டதும் அப்பா சொன்னார்: "பாக்கலாம் கண்ணு."

அவருடைய பயம் என்னவென்று அம்மா மூலமாகத் தெரியும். பி.ஏ.வுக்கு மாப்பிள்ளை தேடவே பல்லடம் தாண்டிப் போக வேண்டும், எம்.ஏ.வுக்கு எங்கே போவது? அதுவும் மெட்ராஸில் தனியாக இருந்துவிட்டு வந்த பெண்ணுக்கு? இதை அவர் என்னிடம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லாத வார்த்தையோடு எப்படிச் சண்டை போடுவது? பாக்கலாம் பாக்கலாம் என்றே மார்கழி போயிற்று.

தை மாதம் எனக்கு ஒரு வழி பிறந்தது. கம்பெனியில் புதிதாக ஒரு மார்க் போட ஏற்பாடு நடந்தது. பனியனைவிட பனியன் பெட்டிமேல் போடுகிற படம்தான் அந்தக் காலத்தில் முக்கியம். எழுத்துத் தெரியாதவர்களும் படத்தைக் காட்டித்தான் கேட்பார்கள். மயில், கிளி, தாமரை, ஆகாய விமானம் எல்லாவற்றையும் ஏற்கெனவே யாராவது பிடித்து வைத்திருந்தார்கள். எங்களுடையது மயில், அதே ஊரில் இன்னும் நாலு மயில் இருந்தன. அப்பா என்னைக் கூப்பிட்டு, என் புஸ்தகத்தில் யாரும் பார்க்காத படமாக ஏதாவது இருந்தால் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். மூன்று வருஷத்தில் என் படிப்பை அவர் ஒரு பொருட்டாக மதித்தது அன்றைக்குத்தான். நான் விடுவேனா?

"குடுக்கறேனுங்கப்பா. சித்திரைச் சந்தைல அந்தப் பொட்டி வித்துப்போச்சுன்னா என்னை மெட்ராசுக்கு அனுப்போணும்."

வெள்ளகோவில் பக்கம் சித்திரையில் பெரிய மாட்டுச் சந்தை கூடும். வருஷா வருஷம் அங்கே எங்கள் கம்பெனி ஒரு பந்தல் போடும். புது மார்க்கை அங்கேதான் முதலில் இறக்குவோம். சந்தைக்கு வருகிற விவசாயிகள் எதைத் தூக்கிக்கொண்டு போகிறார்களோ அதுதான் அந்த வருஷம் பூராவும் கிராமத்துக் கடைகளில் ஓடும். அதனால் நான் கேட்டது விளையாட்டுப் பேச்சில்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார், மாமனைப் பார்த்தார். பிறகு, "சரி. சந்தைல வித்துப்போச்சுன்னா போ கண்ணு" என்றார். சரி என்றார், பாக்கலாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நான் எடுத்த படம் அசீரியாக்காரர்களின் காளை. ராஜாவின் அரண்மனை வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் கல்லில் செய்து நிறுத்தியிருந்தார்கள். உடம்பு காளை, இறக்கை கழுகு, தலை மட்டும் தாடி வைத்த ராஜா. தாடி, மார்பு, விலா, அடிவயிறு, கால் எல்லா இடத்திலும் சுருள் சுருளாக அழகாகச் செதுக்கிய முடி. கால் ஐந்து. எதிரே நின்று பார்த்தால் இரண்டு கால் ஊன்றி நிற்கும், பக்கவாட்டில் பார்த்தால் நாலு கால் வைத்து நடக்கும். இரண்டும் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிற்பி ஒரு கால் சேர்த்துச் செதுக்கிவிட்டான். அந்தச் சாமர்த்தியத்தில் நான் சொக்கிப் போயிருந்தேன். காங்கேயம் காளையைப் பெற்ற பிள்ளை மாதிரி தடவிக்கொடுக்கிற ஊரில் இதைவிடப் பொருத்தமான படம் எது? பட்டர் பேப்பரை வைத்து ஒரு சுருள் விடாமல் நகல் எடுத்தேன்.

அதற்கு வர்ணம் போடக் கடை போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் ஒருவரை மாமன் கூட்டிவந்தார். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காமதேனுவுக்கு எதற்குத் தாடி என்று கேட்டார். இது காமதேனு இல்லை என்றேன். அப்படியானால் தாடியை எடுத்துவிட்டால் காமதேனு ஆகிவிடும், வியாபாரத்துக்கும் நல்லது என்றார். நான் தாடிக்காக ஒரு சொற்பொழிவு செய்தேன். தாடியை விட்டுக்கொடுத்துவிட்டுக் காலுக்கு வந்தார். ஒன்று கூட இருக்கிறது, கோடு தப்பிவிட்டதா என்று பணிவாக விசாரித்தார். காலுக்காக இன்னொரு சொற்பொழிவு. ஒரு சுருளைக்கூட மாற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் பெருமூச்சு விட்டு, நெற்றியில் ஒரு பொட்டாவது வைத்துக்கொள்கிறேன் என்றார். அது ஒன்றுக்கு நான் சம்மதித்தேன். இறக்கைக்கு ரோஜா நிறம், பின்னால் நீல வானம், நெற்றியில் குங்குமப் பொட்டு என்று அசீரியா எங்கள் வீட்டுக்குள் வந்தது. 'ராஜ காளை மார்க்' என்று பெயரும் வைத்தாயிற்று.

அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். மார்பில் இருந்த சுருள்களின்மேல் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். அடிவயிற்றுப் பக்கம் வந்ததும் விரல் நின்றது. மாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். மாமன் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். யார் போட்டிருந்தாலும் நாமும் விமானப் படமே போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவராயிற்றே, பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

"மாடு நல்லாத்தான் இருக்குது" என்றார் அப்பா.

படம் சிவகாசிக்குப் போயிற்று. பங்குனியில் பெட்டிகள் வந்தன. எனக்குப் பரீட்சை முடிந்தது. சித்திரையில் நானும் சந்தைக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, மாமன் பெட்டிகளோடு வண்டியில் முன்னால் போக, அப்பாவோடு பஸ் ஏறினேன். மாட்டுச் சந்தைக்குப் பெண்பிள்ளை எதற்கு என்று அம்மா கேட்டாள். என் மாட்டை நான்தான் விற்க வேண்டும் என்றேன்.

சந்தையில் வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் மாடு, புழுதி, கையைத் துண்டால் மூடிக்கொண்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்கள். எங்கள் பந்தலில் ராஜ காளைப் பெட்டிகளை நானே முன்வரிசையில் அடுக்கினேன். அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். திருப்பூருக்கு வந்தபிறகு அவர் மாடே வாங்கியதில்லை. ஆனாலும் வருஷா வருஷம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வராமல் இருக்க மாட்டார்.

கூட்டம் வந்தது. பெட்டியைக் கையில் எடுத்தார்கள். பனியனைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்தார்கள். ஒருவர் பெட்டியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார், அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். மாடு எந்த ஊர் என்று ஒருவர் என்னைக் கேட்டார். அசீரியா என்றேன். அது தாராபுரத்துக்கு அந்தப் பக்கமா என்று கேட்டார். அவர்கள் முகத்தில் இருந்த அக்கறையைப் பார்த்து எனக்குப் பூரிப்பாக இருந்தது.

பிறகுதான் புரிந்தது, அவர்கள் சுழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டின் மேல் முடி எங்கெங்கே சுழிந்திருக்கிறது என்று பார்க்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டியைக்கூட வாங்க மாட்டார்கள். இன்ன இடத்தில் சுழி இருந்தால் வாங்கியவனுக்கு யோகம், இன்ன இடத்தில் இருந்தால் நாசம். நல்ல மாட்டில் தேடித்தான் ஒரு சுழியோ இரண்டு சுழியோ கண்டுபிடிக்க வேண்டும். என் மாட்டில் சுழி இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. காலில் இருந்தது விலங்குச் சுழியாம், கட்டியவன் ஜெயிலுக்குப் போவான். விலாவில் துடைப்பச் சுழி, வீட்டைப் பெருக்கித் துடைத்துவிடும். அடிவயிற்றுக்கு வந்ததும் எல்லாருமாகப் பின்வாங்கினார்கள். அது பெண்டிழந்தான் சுழி, அந்த மாட்டை வாங்கினவன் பெண்டாட்டி பிழைக்க மாட்டாள். புதுசாகக் கல்யாணம் ஆனவன் போலிருந்த ஒருவன் பெட்டியைச் சுட்டுவிட்ட மாதிரிக் கீழே வைத்தான். அத்தோடு ஐந்தாவது கால். கால் கூடின மாட்டை வீதி வீதியாக ஓட்டிக்கொண்டு வந்து அரிசிப் பிச்சை வாங்குவார்கள், வீட்டில் கட்டுவார்களா என்று என்னையே கேட்டார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இது வெறும் படம், உள்ளே இருப்பது பனியன் என்றேன். ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டினார்கள். அந்த நாட்டு ராஜாவே தன் அரண்மனைக்குக் காவலாக இந்தக் காளையைத்தான் நிறுத்தி வைத்திருந்தான் என்று என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"அந்த அரமனை இப்ப எப்பிடி இருக்குதுங்க?" என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. இடிந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது என்றேன். ராஜா வம்சம்? அதுவும் இல்லை. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அந்த ராஜாவுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார்கள். இரண்டு வருஷம் எழுதிய வீழ்ச்சிக் காரணங்களில் இது மட்டும் விட்டுப்போயிருந்தது. ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பனியன் ரொம்ப அருமை என்றார்கள், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள், பெட்டியைப் பூப்போல வைத்துவிட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். மெட்ராஸ் அவர்களோடு நழுவிப் போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்பாவைக் கூட்டிவரலாம் என்று ஓடினேன். அவர் வந்து நாலு பேரிடம் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று ஒரு நப்பாசை. ஒரு வேப்பமரத்தடியில் சாம்பல் நிறத்து மயிலைக் காளை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க ஜோரான காளை, விற்க வந்தவர் அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா அதன் கழுத்துக்கு அடியில் கையை விட்டு ஒரு தடவு தடவினார், அவ்வளவுதான். நல்ல மாடுங்க, பொறவு பாக்கலாமுங்க என்று சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவு நல்ல மாட்டுக்கு என்ன குறை என்று கேட்டேன். அவர் வேறு ஏதோ ஞாபகத்தில் இருந்தார் போலிருக்கிறது.

"அடிக்கழுத்துல எறங்குபூரான் சுழி கண்ணு. ஒரு உளுந்து அகலம்தான். சுழி கெட்ட மாட்ட ஆரு வாங்குவாங்க?"

சொல்லி முடித்தபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. என் முகத்தைப் பார்த்தார். நான் அவருடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துத் தோலுக்கு அடியில் உளுந்து அகலச் சுழியைக் கண்ணால் பார்க்காமலே கண்டுபிடிக்கிற மனுஷன், உடம்பு பூராவும் சுழியாக இருந்த என் காளையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டு, மாடு நல்லாத்தான் இருக்குது என்றார்.

பந்தலுக்குத் திரும்பினேன். மாமன் அதற்குள் என் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு மயில் பெட்டிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். வண்டி நிறைய மயில்தான் வந்திருந்தது. ராஜ காளை முன்னால் அடுக்கிய வரிசை மட்டும்தான், அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. மாமனிடம் கேட்டேன். அப்பா கொஞ்சமாகத்தான் அடிக்கச் சொன்னார் அம்மிணி என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. பாவம், அவருக்கும் பொய் சொல்ல வரவில்லை.

அப்பாவோடு சந்தையை விட்டுக் கிளம்பினேன். விவசாயிகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர்கள் என் மாட்டைத்தான் வேண்டாம் என்றார்கள். என்னை வேண்டாம் என்றவர் பக்கத்திலேயே குடையைப் பிடித்துக்கொண்டு எனக்கு வெயில் படாமல் நடந்து வந்துகொண்டிருந்தார்.

வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன், படத்தைப் பார்த்த அன்றைக்கே தெரியுமா என்று.

"தெரியும் கண்ணு."

"அப்பவே சொல்லியிருந்தா வேற படம் எடுத்திருப்பேனுங்களே அப்பா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்தார்.

"வேற படம்னா வித்துப் போயிருக்கும் கண்ணு" என்றார். துண்டை மடித்துக்கொண்டே, "போகாதேன்னு உன்ற மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டு, சிவகாசி வரைக்கும் ஆள் அனுப்பி, நாலு வர்ணத்தில் அச்சடித்து, சந்தையில் பந்தல் போட்டு, ஊர் விவசாயிகளை விட்டு அதைச் சொல்ல வைத்திருக்கிறார். நான் படித்த எந்த நாகரிகத்திலும் எந்த ராஜாவும் ஒரு 'முடியாது'க்கு இவ்வளவு மெனக்கெட்டதில்லை. ஆனாலும் விடக்கூடாது என்று ஒரு வெறி வந்தது. நேராக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"இப்பச் சொல்லுங்கப்பா. பாக்கலாம்னு சொல்ல வேண்டாம், யோசிக்கலாம்னு சொல்ல வேண்டாம். என்ற மூஞ்சியப் பாத்து, போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இதோட நிறுத்திக்கறேன். பொறவு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

சத்தியமாகத்தான் சொன்னேன். அவர் சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். அப்படி வளர்ந்த பெண் நான். அவருக்கும் அது தெரியும். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. பிறகு பஸ் வருகிற திசையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பஸ் வந்ததும் முண்டியடித்து ஏறி எனக்கு ஜன்னலோரம் சீட்டுப் பிடித்தார். காங்கேயம் தாண்டியும் சொல்லவில்லை. திருப்பூர் வந்து இறங்கியும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றையும் நான் அவரிடம் சொல்லிச் சொல்லியே செய்தேன். திருட்டுத்தனமாகப் போக எனக்கு இஷ்டமில்லை; சொல்ல வேண்டிய வார்த்தைக்கு அவருக்கு நிறைய இடம் விட்டேன். ரிசல்ட் வந்துவிட்டது அப்பா என்றேன், சந்தோஷம் கண்ணு என்றார். விண்ணப்பம் போடுகிறேன் என்றேன், பேப்பரைத் திருப்பினார். இடம் கிடைத்துவிட்டது என்றேன், வெளியே போய் மிஷின் சத்தத்தில் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார். புதன்கிழமை கிளம்புகிறேன் என்றபோது அம்மாதான் அவர் முகத்தைப் பார்த்தாள், நீங்களாவது சொல்லக்கூடாதா என்கிற மாதிரி. அவர், வழிக்கு முறுக்குச் சுடச் சொன்னார்.

புதன்கிழமை சாயங்காலம் என் டிரங்குப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். கூலி ஆளைக் கூப்பிடவில்லை. பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டுக் கீழே இறங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டு விசில் ஊதினார்.

"கண்ணு" என்றார் அப்பா.

சீட்டுக்கு அடியில் கையைவிட்டுப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன், இறங்குவதற்கு.

"மெட்ராசுல தண்ணி உப்பா இருக்குமாம். காய்ச்சிக் குடி" என்றார்.

வண்டி நகர்ந்தது. அவர் கம்பியை விடவில்லை. வண்டியோடு கூடவே நடந்து வந்தார், கொஞ்சம் ஓடவும் ஓடினார். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் விட்டுவிட்டார்.